புலவாயோவில் ஆறு நாள்

அக்டோபர் 28, புலவாயோ

ஜோகன்னஸ்பர்க்கில் எடுத்துக்கொண்ட மொழிபெயர்ப்பு வேலை நேற்றோடு முடிந்தது. ஊர் திரும்ப இன்னும் ஆறு நாள் இருக்கிறது. ஜிம்பாப்வே பக்கத்து நாடு, விமானத்தில் ஒன்றரை மணி நேரம்கூட ஆகாது. விக்டோரியா அருவிக்குப் போகச் சொன்னார்கள். நான் புலவாயோவுக்குச் சீட்டு எடுத்தேன். வாய்ச்சொல்லுக்கும் எழுத்துக்கும் நடுவில் உட்கார்ந்து பிழைப்பவள் நான். இப்படி நடுவில் உட்கார்ந்த இன்னொருவரால் ஒரு அரசின் கதையே மாறியது என்று பல வருடங்களுக்கு முன் படித்திருக்கிறேன். அது நடந்த மண்ணைப் பார்க்க வேண்டும் என்று அன்றே ஆசை.

நான் வந்து சேர்ந்துவிட்டேன், பெட்டி வரவில்லை. எழுதிக் கொடுத்துவிட்டு வெறும் தோள்பையோடு வெளியே வந்தேன். வெயில் முகத்தில் அடித்தது. மழைக்கு முந்தைய மாதம், இங்கே இதுதான் உச்ச வெயில் காலம். ஆனால் தெருவெல்லாம் ஜகரண்டா பூத்திருக்கிறது. தார்ச்சாலை ஊதா நிறமாகக் கிடக்கிறது. சாலைகளின் அகலத்தைப் பார்த்து வியந்து நின்றேன். பல ஜோடி மாடுகள் பூட்டிய நீளமான வண்டி ஒரே வீச்சில் திரும்ப வேண்டும் என்று அந்தக் காலத்தில் அளந்து போட்டார்களாம்.

மாற்றுத்துணி வாங்க நடைபாதைக் கடைக்குப் போனேன். ஒரு சட்டையைத் தொட்டு, "எவ்வளவு?" என்றேன். கடைக்கார அம்மா பதில் சொல்லவில்லை. என்னை நேராகப் பார்த்து, "சலிபோனானி" என்றார். வணக்கம். நான் திரும்பச் சொன்னதும், எப்படி இருக்கிறீர்கள் என்று கேட்டார், நான் சொன்னேன், பிறகு நான் கேட்டேன், அவர் சொன்னார். அதெல்லாம் முடிந்த பிறகுதான் விலை: இரண்டு டாலர். இங்கே புழங்குவது அமெரிக்க டாலர்தான். நான் நீட்டிய ஒற்றை டாலர் தாள் ஒன்றில் ஓரம் கிழிந்திருந்தது. அதை மெல்ல என் கையிலேயே திருப்பி வைத்தார். வேறு தாள் கொடுத்தேன். இடது கையை வலது முழங்கைக்கு அடியில் வைத்து வாங்கிக்கொண்டார். வணக்கம் சொல்லாமல் விலை கேட்டது இரவு வரை மனதில் உறுத்தியது.

அக்டோபர் 29, புலவாயோ

விடுதியில் விடிகாலையிலேயே மின்சாரம் போய்விட்டது. நாளுக்கு எழுபது டாலர் என்று ஒரு ஓட்டுநரைப் பேசினேன், ஐம்பது வயதிருக்கும். குமாலோ குலத்தவர். அந்தக் குலத்துக்கு "முந்துங்வா" என்று ஒரு விருதுப்பெயர் உண்டு. போகிற வழியில் காவலர், பெட்ரோல் பங்க் பையன், காய்கறி விற்கும் பெண் எல்லாரும் அவரை அப்படித்தான் அழைத்தார்கள். நானும் அப்படியே அழைக்கிறேன். அவர் என்னை "சிசி" என்கிறார், அக்கா என்பதுபோல.

காலையில் ரயில் அருங்காட்சியகம். இந்த நாட்டை ஆங்கிலேயர் கைக்குக் கொண்டுபோன சிசில் ரோட்ஸ் பயணம் செய்த தனிப்பெட்டி அங்கே நிற்கிறது, பளபளக்கும் மரவேலையோடு. முந்துங்வா உள்ளே வரவில்லை. "பலமுறை பார்த்துவிட்டேன்" என்று வாசலிலேயே நின்றார்.

மதியம் அவர் கூட்டிப்போன சாப்பாட்டுக்கடையில் இசிட்ஷ்வாலா. வெள்ளைச் சோள மாவில் கெட்டியாகக் கிண்டியது, நம் களியைப் போலக் கையால் உருட்டித் தொட்டுச் சாப்பிட வேண்டும். முதலில் கை கழுவ ஒரு பெண் செம்பும் பாத்திரமும் கொண்டுவந்து, முழங்காலை லேசாக மடித்து நின்று தண்ணீர் ஊற்றினார். தொட்டுக்கொள்ள வேர்க்கடலை விழுதில் வெந்த காய்ந்த கீரை, மாட்டிறைச்சிக் குழம்பு. மூன்று டாலர். பக்கத்தில் ஒரு சின்னத் தட்டில் அமாசிம்பி, மோப்பேன் மரத்துப் புழு, காயவைத்து வறுத்தது. இரண்டு எடுத்தேன். கருவாட்டின் உப்பும் மண்வாசனையும் கலந்த ருசி. மூன்றாவதற்குக் கை போகவில்லை.

சாப்பிட்டபடியே முந்துங்வா கதை சொன்னார். உம்சிலிகாசி, குமாலோ குலத் தலைவர். 1820களின் தொடக்கத்தில் சூலு மன்னர் ஷாகாவோடு முறித்துக்கொண்டு தன் ஆட்களோடு வடக்கே கிளம்பினார். அந்தக் கூட்டம் போகப் போகப் பெருகியது. வழியில் வென்ற சோத்தோ, ட்ஸ்வானா மக்களையும் சேர்த்துக்கொண்டு ஒரு அரசாகவே நகர்ந்தது. 1836, 1837இல் டச்சு வழிவந்த வெள்ளையரான போயர்களோடு மோதி, லிம்போபோ ஆற்றைத் தாண்டி இந்தப் பக்கம் வந்து 1840 வாக்கில் நிலைகொண்டது. தெற்கிலிருந்து வந்தவர்கள் அபெசான்சி, நடுவழியில் சேர்ந்தவர்கள் அபென்லா, இங்கேயே இருந்து உள்வாங்கப்பட்டவர்கள் அமாஹோலே என்று மூன்று அடுக்கு. "மூன்றும் சேர்ந்துதான் இண்டெபெலே. என் பாட்டியின் தாய் இங்கேயே இருந்த கலாங்கா இனத்தவர்" என்றார்.

பக்கத்து மேசையில் ஹராரேயிலிருந்து வந்த ஷோனா இனத்து இளைஞர் ஒருவர் கேட்டுக்கொண்டிருந்தார். "எங்கள் கிராமத்துக் கதையில் அவர்கள் மாடு கவர வருகிறவர்கள்" என்றார் மென்மையாக. முந்துங்வா மறுக்கவில்லை. "ஆமாம், எடுத்தோம்" என்றார். இருவரும் கை குலுக்கிக்கொண்டார்கள். எனக்கு அந்த நேர்மை பிடித்திருந்தது. இந்த அரசைப் பற்றி எழுதுகிறவர்கள் படையெடுப்புகளை மறைத்து எழுதினால் அதுவும் பொய்தான்.

1868இல் உம்சிலிகாசி இறந்ததும் வாரிசுச் சிக்கல். வாரிசாகக் கருதப்பட்ட மகன் உன்குலுமானே இருக்கிறாரா, இல்லையா என்றே தெரியவில்லை. தேடியும் கிடைக்காமல் 1870இல் இன்னொரு மகன் லோபெங்குலா அரசரானார். அதை ஏற்காத படைப்பிரிவோடு சண்டை நடந்தது. புலவாயோ என்ற பெயரே கொலையைக் குறிக்கும் சொல்லிலிருந்து வந்தது. தன்னைக் கொல்லப் பார்த்தார்கள் என்று லோபெங்குலாவே தலைநகருக்கு அந்தப் பெயரை வைத்ததாகச் சொல்கிறார்கள்.

அக்டோபர் 30, புலவாயோ

இந்தத் தேதிக்காகத்தான் வந்தேன். 1888 அக்டோபர் 30 அன்று, இந்த ஊர்ப் பக்கத்தில், லோபெங்குலா ஒரு ஒப்பந்தத் தாளில் தன் அடையாளக் குறியைப் போட்டார்.

சார்ல்ஸ் ரட், ராச்ஃபோர்ட் மக்வைர், பிரான்சிஸ் தாம்ப்சன் என்று மூன்று பேர். சிசில் ரோட்ஸ் அனுப்பிய ஆட்கள். செப்டம்பரில் வந்து ஒரு மாதத்துக்கு மேல் காத்திருந்தார்கள். சுரங்கச் சலுகை கேட்டு வேறு பல வெள்ளையர்களும் அரசரின் வாசலில் கிடந்த நேரம் அது. இந்துனாக்கள், அதாவது படைத்தலைவர்களும் ஊர்த்தலைவர்களும், கூடிக்கூடிப் பேசினார்கள். பாதிரியார் சார்ல்ஸ் ஹெல்ம் மொழிபெயர்த்தார். லண்டன் மிஷனரி சங்கத்தைச் சேர்ந்தவர், பக்கத்திலேயே ஹோப் ஃபவுன்டன் மிஷனில் இருந்தவர், மொழி அறிந்தவர். அதனாலேயே அரசர் அவரை நம்பினார்.

தாளில் இருந்தது இது. மாதம் 100 பவுண்டு. 1,000 மார்ட்டினி-ஹென்றி துப்பாக்கிகள், 1,00,000 தோட்டாக்கள். சாம்பெசி ஆற்றில் பீரங்கி வைத்த நீராவிப் படகு, அது முடியாவிட்டால் 500 பவுண்டு. பதிலுக்கு அவருடைய ஆட்சிக்குட்பட்ட இடங்களில் உள்ள எல்லா உலோகங்கள், தாதுக்கள் மீதும் முழு உரிமை, அவற்றை எடுக்கத் தேவை என்று அவர்கள் நினைக்கும் எதையும் செய்ய முழு அதிகாரம்.

வாயால் சொன்னது வேறு. பத்து வெள்ளையர்களுக்கு மேல் வேலைக்கு வரமாட்டோம், ஊர்களுக்கு அருகே தோண்டமாட்டோம், உங்கள் சட்டத்துக்குக் கட்டுப்பட்டு உங்கள் மக்களைப் போலவே இருப்போம். இப்படிச் சொன்னார்கள் என்று பதிவு செய்தவர் ஹெல்ம்தான். அவையெல்லாம் ஒப்பந்தத்தில் எழுதப்படவில்லை என்பதையும் அவரே எழுதியிருக்கிறார்.

இதைப் படித்த நாளிலிருந்து ஹெல்மை என்னால் விட முடியவில்லை. அவர் தவறாக மொழிபெயர்த்தாரா? சொன்னதைச் சொன்னபடி மாற்றியிருக்கலாம். ஆனால் "இப்போது சொன்னது இந்தத் தாளில் இல்லை, அரசே" என்ற அந்த ஒரு வாக்கியம் யாருடைய வேலை? நான் உட்காரும் மேசைகளில் அந்த வாக்கியம் என் வேலைதான். எழுதப்பட்டதை வாசிக்கும்போது, பேசியதிலிருந்து ஒரு வரி விடுபட்டிருந்தால் கையை உயர்த்திவிடுவேன். அதற்காக இரண்டு முறை வேலை இழந்திருக்கிறேன். ஹெல்ம் கையை உயர்த்தவில்லை. எனக்கு அவர்மேல் உள்ள கோபம் இன்னும் தணியவில்லை.

அரசர் விரைவிலேயே புரிந்துகொண்டார். பாபயானே, முஷேட்டே என்ற இரண்டு இந்துனாக்களை லண்டனுக்கே அனுப்பினார், விக்டோரியா ராணியை நேரில் பார்த்துக் கேட்கச் சொல்லி. 1889இல் அவர்கள் கொண்டுவந்த பதிலில், ஒரு அரசன் அந்நியனுக்கு ஒரு மாட்டைக் கொடுப்பான், மந்தை முழுவதையும் கொடுக்கமாட்டான் என்று இருந்தது. அந்த வருடம் ஏப்ரல் 23 அன்று லோபெங்குலா ராணிக்கு அனுப்பிய கடிதத்தில், அந்தத் தாளில் என்ன இருக்கிறது என்று தான் கேட்டதாகவும், தன் சொற்களும் அந்த மனிதர்களின் சொற்களும் இருப்பதாகச் சொன்னதால் கை வைத்ததாகவும், சுமார் மூன்று மாதம் கழித்து வேறு ஆட்கள் சொல்லித்தான் நாட்டின் தாதுக்கள் முழுவதையும் கொடுத்துவிட்டது தெரிந்ததாகவும் இருக்கிறது. அதே வருடம் அக்டோபரில் ரோட்ஸின் கம்பெனிக்கு அரச சாசனம் கிடைத்துவிட்டது. ஒப்பந்தத்துக்கு ஆதரவாகப் பேசிய இந்துனா லோட்ஷே கொலையுண்டதும் அந்த வருடம்தான். அந்தத் தாள் முதலில் குடித்த ரத்தம் இண்டெபெலே ரத்தம்.

மாலையில் அரசு மாளிகைப் பக்கம் போனோம். லோபெங்குலாவின் இரண்டாவது தலைநகர் 1881 முதல் இருந்த இடம் அது. 1893இல் கம்பெனியோடு நடந்த போரில் அவர் எரித்துவிட்டுப் போன பிறகு ரோட்ஸ் அங்கேயே தனக்கு வீடு கட்டினார். உள்ளே அரசர் நீதி சொன்ன மரம் இருக்கிறதாம். வாசலில் நின்ற இளம் காவலர், படம் எடுக்கக்கூடாது என்று மரியாதையாகச் சொன்னார். பிறகு, எங்கிருந்து வருகிறேன் என்று கேட்டு, இந்த வெயிலில் நடக்காதீர்கள் என்று தன் தண்ணீர் பாட்டிலை நீட்டினார். வேலிக்கு மேலே எழுந்து தெரிந்த மரங்களைப் பார்த்தபடி கொஞ்ச நேரம் நின்றேன். எது அந்த மரம் என்று தெரியவில்லை.

பெட்டி இன்னும் வரவில்லை.

அக்டோபர் 31, மடோபோ மலைகள்

நகரிலிருந்து தெற்கே ஒரு மணி நேரத்துக்குள். யாரோ குழந்தை அடுக்கி விளையாடிவிட்டுப் போனதுபோலப் பாறைமேல் பாறை, அதன்மேல் இன்னொரு பாறை. பூங்காவுக்கு ஒரு கட்டணம், ரோட்ஸ் கல்லறைக்குத் தனிக் கட்டணம். முந்துங்வா அதற்கும் மேலே வரவில்லை. நான் தனியாக ஏறினேன்.

மலிந்திட்ஸிமு என்று அந்தக் குன்றுக்குப் பெயர். ஆவிகள் வாழும் இடம். வழுக்குப் பாறையில் ஏறும்போது காலடியில் நீலம், பச்சை, ஆரஞ்சு என்று தட்டையான பல்லிகள் ஓடின. பாறையைக் குடைந்து, மேலே பித்தளைத் தகடு: இங்கே சிசில் ஜான் ரோட்ஸின் எச்சங்கள் இருக்கின்றன, அவ்வளவுதான். 1902 ஏப்ரல் 10 அன்று புதைத்தார்கள். கேப் டவுனிலிருந்து உடல் ரயிலில் வந்தது. கூடியிருந்த இண்டெபெலே மக்கள் அரசர்களுக்குச் சொல்லும் "பயேடே" வாழ்த்தைச் சொன்னார்கள். ஏன் சொன்னார்கள் என்பதை அங்கே உட்கார்ந்து ரொம்ப நேரம் யோசித்தேன். அருகிலேயே, ரோட்ஸின் நண்பரும் கம்பெனியின் நிர்வாகியுமான ஜேம்சனின் கல்லறை. கொஞ்சம் தள்ளி, 1893 டிசம்பர் 4 அன்று லோபெங்குலாவைத் துரத்திப் போய் ஷங்கானி ஆற்றருகே இறந்த கம்பெனிப் படையின் ஆலன் வில்சனும் அவருடைய ஆட்களும், 34 பேருக்குப் பெரிய கல் நினைவகம். அந்தச் சண்டையில் எதிர்ப்பக்கத்தில் விழுந்தவர்களுக்கு இங்கே ஒரு பெயர்கூட இல்லை.

இறங்கி வந்ததும் முந்துங்வா ஒரு திசையைக் காட்டினார். "அந்தப் பக்கம் என்டும்பானே. உம்சிலிகாசி அங்கே இருக்கிறார்." போகலாமா என்று கேட்டேன். "பார்க்கப் போகிற இடம் இல்லை, சிசி." நான் மறுபடி கேட்கவில்லை.

1896இல் கம்பெனி ஆட்சிக்கு எதிராக இண்டெபெலே மக்கள் எழுந்த எழுச்சி முடிந்ததும் இந்த மலைகளில்தான். முந்தைய போரில் மாடுகளைப் பறிகொடுத்தார்கள், மிஞ்சியதைக் ரிண்டர்பெஸ்ட் என்ற கொடிய மாட்டுக் கொள்ளைநோய் தின்றது, கட்டாய வேலை வேறு. ஜேம்சன் போலீஸ்காரர்களை போயர்களின் நாடான டிரான்ஸ்வாலுக்குக் கூட்டிப்போய் மாட்டிக்கொண்ட நேரம் பார்த்து மார்ச்சில் எழுந்தார்கள். பாறைக்குள் இருந்த படையை வெள்ளையரால் விரட்ட முடியவில்லை. ஆகஸ்ட் 21 அன்று ரோட்ஸ் ஆயுதம் தரித்த காவல் இல்லாமல் மலைக்குள் வந்து பேசினார். கோலன்பிராண்டர் மொழிபெயர்த்தார். இண்டெபெலே தலைவர் சோமபுலானா குறைகளை ஒவ்வொன்றாக எடுத்துச் சொன்னார். பிந்தைய ஒரு பேச்சில், நாங்கள் எங்கே வாழ்வது என்று கேட்டவரிடம் நிலம் தருகிறோம் என்றாராம் ரோட்ஸ். எங்கள் சொந்த நாட்டிலேயே எங்களுக்கு நிலம் தருகிறீர்களா என்று பதில் வந்ததாக அங்கிருந்த பத்திரிகையாளர் எழுதி வைத்திருக்கிறார். மறுபடியும் வாய்ச்சொல்தான். போர் நின்றது, நிலம் திரும்பவில்லை.

திரும்பும் வழியில், கேசி என்று போட்டிருந்த சாலைப்பலகையைக் கடந்தபோது முந்துங்வா வானொலியை நிறுத்தினார். 1980களில் அந்தப் பக்கம் நடந்த கொலைகளைப் பற்றி நான் படித்திருக்கிறேன். அவர் பேசவில்லை. சில கிலோமீட்டர் கழித்து, "அது வேறு பேச்சு. அதைப் பேச ஒரு நாள் போதாது" என்றார்.

நவம்பர் 1, காடாடே

நகருக்கு வடகிழக்கே, பெம்பெசிப் பக்கம். முள்மரம், காய்ந்த புல், கண்ணுக்கெட்டிய வரை தட்டை. 1893 நவம்பர் 1 அன்று லோபெங்குலாவின் இம்பிசோ, இங்குபோ படைப்பிரிவுகள் இங்கே பீரங்கியையும் மாக்ஸிம் இயந்திரத் துப்பாக்கிகளையும் நோக்கித் திரும்பத் திரும்ப ஓடின. எதிரே கம்பெனியின் படை ஏறத்தாழ 700 பேர்தான். அவர்களில் தொண்டர்களாகச் சேர்ந்தவர்களுக்கு ஆளுக்கு 6,000 ஏக்கருக்கு மேல் பண்ணை நிலம், தங்கச் சுரங்க உரிமை, கொள்ளையடிக்கும் மாட்டில் பங்கு என்று ஆகஸ்டிலேயே எழுதிக் கொடுத்திருந்தார்கள். அந்தத் தாளில் எழுதியது மட்டும் எழுதியபடி நடந்தது.

மண்சாலையில் டயர் பஞ்சர். ஸ்டெப்னியிலும் காற்று இல்லை. முந்துங்வா டயரை உருட்டிக்கொண்டு போக, அருகே இருந்த வீட்டிலிருந்து ஒரு கோகோ, பாட்டி, கைகாட்டி அழைத்தார். எண்பது தாண்டியவர். நிழலில் பாய் போட்டு, எனாமல் குவளையில் அமாசி கொடுத்தார். புளித்த கெட்டிப்பால். அந்த வெயிலில் அது உள்ளே இறங்கிய குளிர்ச்சியைச் சொல்ல முடியாது. பேரன் பள்ளிக்கூட ஆங்கிலத்தில் எங்களுக்கு நடுவே உட்கார்ந்தான்.

கோகோவின் தாத்தா இங்குபோவில் இருந்தவர். தொடையில் குண்டோடு திரும்பி வந்தார், அது கடைசிவரை உள்ளேயே இருந்தது. மாடெல்லாம் போனது. முன்பு மேய்த்த அதே நிலத்தில் வெள்ளைக்காரரின் பண்ணையாளாக இருந்தார். "மண் எங்களைத் தெரிந்துகொண்டது, தாள்தான் தெரிந்துகொள்ளவில்லை" என்று சொல்வாராம்.

இன்னொன்றும் சொன்னார். அரசர் ஊரை எரித்துவிட்டு வடக்கே போகும்போது, துரத்தி வந்தவர்களுக்குத் தங்கக் காசுகள் கொடுத்து அனுப்பினார், நான் தோற்றுவிட்டேன், இதை எடுத்துக்கொண்டு திரும்பிப் போங்கள் என்று. நான் படித்ததும் அதுவே. காசைப் பெற்ற இரண்டு சிப்பாய்கள் பங்கு போட்டுக்கொண்டார்கள், செய்தி தளபதியிடம் சேரவே இல்லை. பின்னால் மாட்டிக்கொண்டு ஆளுக்கு 14 வருடம் தண்டனை பெற்றார்கள். கோகோவுக்கு அந்தச் சிப்பாய்கள்மேல் கோபம் இல்லை. "சொல் சேரவில்லை" என்று மட்டும் இரண்டு முறை சொன்னார்.

நான் குறிப்பெடுப்பதைப் பார்த்துக்கொண்டே இருந்தவர், பேரனிடம் ஏதோ சொன்னார். "எழுதியதைப் படித்துக் காட்டச் சொல்கிறார்." தமிழில் எழுதியிருந்ததை வரிவரியாக ஆங்கிலத்தில் சொன்னேன், அவன் இண்டெபெலேயில் சொன்னான். கண்ணை மூடிக் கேட்டார். ஒரு இடத்தில் கை உயர்த்தினார்: பண்ணையாள் என்று நான் எழுதியது போதாது, கூலி இல்லாத ஆள் என்று எழுத வேண்டும். எழுதிக்கொண்டேன். பாதி முடிவதற்குள் முந்துங்வா டயரோடு வந்துவிட்டார், இருட்டப் போகிறது என்றார். மீதியை நாளை போனில் படிப்பதாகச் சொல்லிவிட்டுக் கிளம்பினேன்.

நவம்பர் 2, விமான நிலையம்

இரவு பத்து மணிக்கு இடி. முதல் மழை. தகரக் கூரையில் அரை மணி நேரம் கொட்டியது. காலையில் ஜகரண்டாப் பூ எல்லாம் ஓடையில் மிதந்தது. பெட்டியும் வந்துவிட்டது, நான் கிளம்பும் நாளில்.

முந்துங்வா இறக்கிவிட்டு, "ஹம்பா குஷ்லே" என்றார். நல்லபடியாகப் போ. அவர் போனிலேயே கோகோவின் பேரனை அழைத்தோம். வாகன நிறுத்தத்தில் நின்றபடி மீதியைப் படித்தேன். மழை பற்றிக் கேட்டேன், அங்கேயும் பெய்ததாம். தங்கக்காசுப் பகுதியில் ஒன்றும் சொல்லவில்லை. தாத்தா வரும் இடத்தில் நிறுத்தச் சொன்னார். என் குறிப்பில் இம்பிசோ என்று இருந்தது. "இம்பிசோ இல்லை. இங்குபோ. இங்குபோ." இரண்டாவது முறை எழுத்தெழுத்தாகச் சொன்னார்.

நேற்றைய பதிவில் திருத்திவிட்டேன்.